மலை ஏற வேண்டாம், ஆற்றோடு இறங்குங்கள்

கேள்வி: ஊட்டி, கொடைக்கானல் நெரிசல் வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதானவர்கள், குழந்தைகளோடு இரண்டு மூன்று நாள் மலைப்பக்கம் தங்கிவர முடியுமா?

தாராளமாக முடியும். ஸ்வெட்டரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற மாவட்டம் எங்களுடையது. மலைக்குக் குறைவில்லை, ஆனால் மேலே போய் ஏரியைச் சுற்றி நடந்து ஸ்வீட்கார்ன் தின்கிற மாதிரியான மலைநகரம் ஒன்றுகூடக் கிடையாது. உயரமான பகுதியெல்லாம் காடு. மேல் கோதையாறுக்குக் கார் போகும் சாலையே திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை வழியாகத்தான் வருகிறது. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கம்பம் பக்கம் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் காட்டில்தான். பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிற இடமில்லை அது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: அடிவாரத்தில் தங்குங்கள், மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரோடு நீங்களும் இறங்குங்கள். கோதையாறு, பரளியாறு என்று இரண்டு ஆறுகள். பார்க்க வேண்டியதெல்லாம் அவற்றின் கரையிலோ தலைக்கு மேலோ இருக்கிறது.

நான் பிறந்தது குலசேகரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருச்சியில். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் மாமனார், மாமியார், நாத்தனார் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து இறங்குவோம். முதல் தடவை வந்த ராத்திரி மாமியார் கேட்டது: "ஏம்மா, மலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தே, ஃபேன் போடணும் போல இருக்கே?" அப்பா திண்ணையிலிருந்தே பதில் சொன்னார்: "சம்பந்தியம்மா, இங்க குளிரு ஆத்துலதான் கெடக்கு. நாளைக்குக் காலத்த எறங்கிப் பாருங்கோ."

தங்குவதற்குக் குலசேகரம் அல்லது திற்பரப்பு வசதி. நாகர்கோவிலில் ரயில் இறங்கினால் தக்கலை வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகலாம். ரோடு குறுகல், வளைவு அதிகம், இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம்.

அந்த ரப்பரையே ஒரு காலைப்பொழுது பார்க்கச் சொல்வேன். சுற்றுலாப் பட்டியலில் இது வராது, ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்ப் பேசியது முழுக்க இதைப் பற்றித்தான். பால் வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையில் சரிவாக ஒரு கீற்று எடுப்பார்கள். வெயில் ஏறாத நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், சூடு ஏற ஏற ஒழுகல் நின்றுவிடும். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் கலந்து உறையவிட்டு, உருளை மெஷினில் கொடுத்து ஷீட்டாக இழுப்பார்கள். வெட்டுவாயில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்துகொடுத்தால் பிள்ளைகளுக்கு அன்றைக்கு செல்போன் தேவைப்படாது. ஷீட் புகைபோடும் அறையின் நாற்றத்துக்கு மட்டும் தயாராக வாருங்கள். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தியவர் தோட்டம் தாண்டித்தான் கையை எடுத்தார். ஜனவரி, பிப்ரவரியில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். வெட்டும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் துளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறுகிற இனிப்புக்குத் தேனீக்கள் மொய்க்கும், தோட்டம் முழுக்கத் தேன்பெட்டி வைத்திருப்பார்கள். தேன் வாங்க அந்த நேரம்தான் நல்லது.

ஆற்றுக்கு வருவோம். மேலிருந்து தொடங்கினால் முதலில் பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர்; அவருடைய கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், பேச்சுச் சத்தம் குறைவு. முதியவர்களுக்கு நடை அதிகம் இல்லாத இடம் என்பதால் மாமனாருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதற்குக் கீழே திற்பரப்பு அருவி. சுமார் 50 அடி உயரம்தான். ஆனால் குற்றாலம் போல ஒரே இடத்தில் கொட்டாமல் அகலமான பாறையில் பரவி விழுகிறது. அதனால் பாட்டிமாரும் பயப்படாமல் நிற்கலாம். சனி, ஞாயிறு போகவே போகாதீர்கள். வார நாளில், காலையில், சாப்பிடுவதற்கு முன்பு போங்கள். அருவிக்குப் பக்கத்திலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரியன்று பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடுகிற சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது. காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோயிலுக்கு "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக்கொண்டே ஓடுவார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு வாருங்கள். குளிக்க வேண்டும் என்றால் அன்றைக்கு வராதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வரும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. அதை நெருங்கிக்கொண்டிருக்கிறது, மழையும் பெய்கிறது என்றால் உபரிநீர் திறப்பார்கள், திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். வேன் பிடித்து வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிற குடும்பங்கள் எத்தனையோ.

அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1960-களில் கட்டி முடித்தது. நூறடிக்கும் மேல் உயரத்தில், 28 தூண்கள் மேல், ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் பட்டணங்கால் வாய்க்கால் போகிறது. கீழே பரளியாறு ஓட, அதன் தலைக்கு மேல் இன்னொரு தண்ணீர். ஓரத்து நடைபாதையில் எதிர்க்கரை வரை நடக்கலாம். உயரம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் பாதியில் திரும்பிவிடுவார்கள், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். வழக்கமாகப் பாசனத்துக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கோடை லீவில் வந்தால் தொட்டி காய்ந்து கிடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் காலாண்டுப் பரீட்சை லீவுதான் என் கணக்கில் சரியான நேரம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். 22 அடி நீளச் சயனக் கோலம், மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் கோதையும் பரளியும் ஒன்றுசேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகின்றன. நேரமிருந்தால் குழித்துறைப் பக்கம் சிதறால் மலைக்குச் சாயங்காலம் ஏறுங்கள். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள், சுமார் 9-ஆம் நூற்றாண்டு. கல் பாவிய பாதைதான், ஆனால் முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.

காளிகேசம் பற்றியும் கேட்பீர்கள். கீரிப்பாறைப் பக்கம், வனத்துறை செக்போஸ்ட் தாண்டிப் போக வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாறு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் மழை மாதங்களில் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடி அலையாதீர்கள். சின்னக் கடைகளில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்ததும் மீன்கறியும் கிடைக்கும், அதைத் தின்னுங்கள். சைவம் என்றால் காலையில் ரசவடை, கூடவே மட்டிப்பழம். விரல் நீள வாழைப்பழம், எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவது அதைத்தான். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்கு வாங்கிப்போவதென்றால் காயாகப் பார்த்து வாங்குங்கள். தோல் மெல்லிசு, பழுத்த சீப்பு ரயிலில் நசுங்கிவிடும்.