வெள்ளி இரவு பஸ்

கேள்வி: எனக்கு 28 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். நான்கு மாதங்களுக்கு முன் வேலை மாற்றலாகி யாழ்ப்பாணம் வந்தேன். கொக்குவிலில் ஓர் அனெக்ஸில் தனியாக இருக்கிறேன். வேலையில் குறையில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கே ஒழுங்கை அடங்கிவிடுகிறது. படலைச் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிறார். போகிற இடமெல்லாம் "நீர் ஆற்ற பிள்ளை?", யாருடைய பிள்ளை, என்று கேட்கிறார்கள். வெள்ளி இரவானால் கொழும்பு பஸ் ஏறிவிடுகிறேன். திங்கள் விடிய வந்து இறங்கும்போது அழுகை வருகிறது. திரும்ப மாற்றல் கேட்டுவிடலாமா?
பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: தங்கச்சி, கேட்பதென்றால் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான்கு மாதத்தில் ஒரு சனி ஞாயிறுகூட நீங்கள் இங்கே நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலை செய்திருக்கிறீர்கள், குடியிருக்க இன்னும் தொடங்கவில்லை.

நானும் 2011இல் கொழும்பிலிருந்து தனியாக வந்தவள். யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014 ஒக்டோபரில்தான். பஸ்ஸில் 400 கிலோமீற்றர் அளவு போய்வர உடம்பு கேட்காது, அதனால் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்குப் போனேன். முதல் மாதம் என்னை அழவைத்தது தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்புபோலாகும், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அதுதான் கிணற்றில் ஊறுகிறது. இதை எனக்குச் சொன்னது மூன்றாம் வீட்டு ஆச்சி. என் கேத்தலை வாங்கி, தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்து, தும்பால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே கேட்டார், "நீ ஆற்ற பிள்ளை?"

அம்மம்மா கோப்பாய் என்றேன். கோப்பாயில் எவடம், எந்தக் கோயிலடி என்று விசாரித்து, கடைசியில் அம்மம்மாவோடு படித்த ஒருவர் தன் மைத்துனி என்று கண்டுபிடித்தார். அன்றிரவு வேலிக்கு மேலால் இடியப்பமும் சொதியும் வந்தன.

1995 ஒக்டோபர் முடிவில், யுத்தத்தால், யாழ்ப்பாண நகரும் கொக்குவிலும் அடங்கிய வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பிப் போனது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஒரு புதுமுகத்தைக் கண்டால் யாராவது தெரிந்தவரின் பிள்ளையாக இருக்குமோ என்று இந்த ஊர் தேடுகிறது. சாதியை அறியக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவர்களுக்கு வெள்ளவத்தை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எட்டிப் பார்க்கிற அம்மாவிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். "இன்றைக்கு வரப் பிந்தும் அம்மா" என்று போகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். பிறகு அவர் பார்ப்பது நீங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தீர்களா என்றுதான் இருக்கும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இருட்டு ஒழுங்கையில் அது பெரிய துணை.

எட்டு மணிக்கு அடங்குகிற ஊரில் பின்னேரத்தை ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும். ஒரு ஸ்கூட்டி இருந்தால் நல்லது. பண்ணைக் கடற்கரைக் காற்று இருக்கிறது, நல்லூரில் பின்னேரப் பூசை இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டிய நூலகத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், முகம் பழகட்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்கும்போது அங்கே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேராவது இருப்பார்கள்.

எட்டுச் சனி ஞாயிறு இங்கே நின்று பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒட்டாவிட்டால் மாற்றல் கடிதத்தை எழுதுங்கள், நானே சரி என்பேன்.

இந்த வெள்ளிக்கு பஸ் பதியாதீர்கள். சனி காலை உங்களுக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, கொஞ்சம் நண்டும் இறாலும் வாங்குங்கள். கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர் கட்டாயம் பெரிய பானையைத்தான் அடுப்பில் வைப்பார். ஒருவருக்கென்று கூழ் காய்ச்ச இங்கே யாருக்கும் தெரியாது.