ஊசி போட வேண்டிய நாளும் ஊரடங்கும்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே மலையடிவாரக் கிராமத்தில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ‘அந்தரா’ கருத்தடை ஊசி போட்டுவந்தேன். 2020 ஊரடங்கில் பேருந்து ஓடாததால் நாள் தவறி, எதிர்பாராமல் கருவுற்றேன். இப்போது என் ஓரகத்தி அதே ஊசியைப் போட்டுக்கொள்கிறார். மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது?

மருத்துவர் பதில்: நாள் தவறியது உங்கள் கவனக்குறைவு அன்று. வேலூருக்கு வரவே வழியில்லாத நாட்கள் அவை. ஆனால் ஒரு விவரத்தை அன்றே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்: குறித்த நாளிலிருந்து நான்கு வாரங்கள் வரை தாமதமானாலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டினால், கருவுறவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே ஊசி போட வேண்டும். அதுவரையிலும், போட்ட பின் ஏழு நாட்களுக்கும் ஆணுறை அவசியம்.

தொற்றுக் காலத்தில் கருத்தடை அறுவை சிகிச்சையும் காப்பர்-டி பொருத்துவதும்தான் முதலில் தள்ளிப்போகும். 2020-இலும் அவ்வாறே நடந்தது. ஆகவே வீட்டிலேயே இருப்பு வைக்கக்கூடிய ஆணுறை, மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றி உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே பேசிவைப்பது நல்லது. ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரையை முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் உட்கொள்ள வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றது. கல்லீரல் நோயோ சினைப்பை நீர்க்கட்டியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. காப்பர்-டி 380ஏ பத்தாண்டுகள் வரை பயன்தரும் என்பதால், அதைப் பொருத்தியவர்கள் பரிசோதனை தள்ளிப்போவதற்காகப் பதற வேண்டியதில்லை.

விரும்பாத கர்ப்பத்தை மட்டும் ‘தொற்று ஓயட்டும்’ என்று ஒத்திப்போட முடியாது. கருக்கலைப்பு ஒன்பது வாரங்களுக்குள் மாத்திரையாலேயே முடியக்கூடியது, நாள் கடந்தால் வேறு சிகிச்சை முறையை நாட வேண்டியதாகும். வயது வந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி போதும். கணவரின் கையெழுத்துக் கேட்டு அலைக்கழிப்பது தவறு, அது இன்றும் நடக்கிறது. அதற்காக மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் கலையாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கர்ப்பிணிக்கு உதிரப்போக்கு, பார்வை மங்கலுடன் கடும் தலைவலி, வலிப்பு, பனிக்குட நீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும், எந்த ஊரடங்கானாலும் 108-ஐ அழையுங்கள். தொற்றுக்கு அஞ்சி வீட்டில் காத்திருப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

உங்கள் ஓரகத்தியின் ஊசி அட்டையில் அடுத்த தேதிக்குப் பக்கத்தில், அதற்கு நான்கு வாரம் கழித்து வரும் தேதியையும் செவிலியரின் கைபேசி எண்ணையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.