பழைய பீட்டிலுக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

கேள்வி: மாமனார் வைத்திருந்த 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1500 சிசி, இப்போது என்னிடம் இருக்கிறது. கோவைக்குள் வாரம் ஒருநாள் எடுப்பேன். மாதம் ஒருமுறை கோத்தகிரி போய் வருவோம். மெக்கானிக் "புல்லட் ஆயிலே போதும் சார்" என்கிறார். கடைக்காரர் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக்கை எடுத்து நீட்டுகிறார். காரோடு வந்த பழைய புத்தகத்தில் வெப்ப நாடுகளுக்கு எஸ்ஏஇ 40 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) என்று போட்டிருக்கிறது. மலை ஏறி முடித்து வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு லேசாக மினுக்குகிறது. இன்னும் கெட்டியான ஆயில் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கடைக்காரர் நீட்டியது வேண்டாம். மெக்கானிக் சொன்னது தப்பில்லை. ஆனால் நான் புத்தகத்தின் பக்கம்தான் நிற்பேன்: 20டபிள்யூ-40 மினரல் ஆயிலில் ஆரம்பியுங்கள். விளக்கு மினுக்குவதற்குக் காரணம் தெரியாமல் ஆயிலைக் கெட்டியாக்கக் கூடாது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீர் ஓடும் எஞ்சினில் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து சூட்டைக் கிட்டத்தட்ட 90 டிகிரியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே ஆயிலுக்கு உராய்வைக் குறைப்பதுதான் பெரிய வேலை. பீட்டிலில் ஃபேன் அடிக்கும் காற்று சிலிண்டரையும் ஹெட்டையும் ஆற்றுகிறது. கிராங்க், பேரிங், பிஸ்டன் அடிப்பகுதி இதையெல்லாம் ஆற்றுவது ஆயில்தான். அதுவும் வெறும் இரண்டரை லிட்டர். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அந்த ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஆரம்பித்தால் 110ஐத் தாண்டிப் போகும். 120க்கு மேல் போய் அங்கேயே நின்றால் எந்த ஆயிலும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, உங்களுக்கு வேண்டியது அந்தச் சூட்டிலும் பேரிங்கில் படலமாக நிற்கும் ஆயில்.

டப்பாவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் குறிக்கிறது. பின்னால் இருப்பது 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. கோவையில் குளிர் ஒரு பிரச்னையே இல்லை, அதனால் முன்னெண் 20 என்றிருந்தால் போதும். ஜனவரியில் ஊட்டியில் ராத்திரி வண்டியை வெளியே நிறுத்தினால் மட்டும் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் பொறுங்கள், உடனே ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். நமக்கு முக்கியம் பின்னெண். அது 30 என்றால் இந்த எஞ்சினுக்கு, இந்த ஊருக்கு, இந்த வயதுக்கு மெல்லியது. 5டபிள்யூ-30ஐ நான் ஒதுக்க முதல் காரணம் இது. புத்தகம் கேட்கும் 40 இன்றைய 20டபிள்யூ-40இல் அப்படியே இருக்கிறது. டபிள்யூ இல்லாத வெறும் எஸ்ஏஇ 40 ஆயிலும் இன்னும் விற்கிறார்கள், பெரும்பாலும் பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும். அது கெடுதல் இல்லை. ஆனால் அந்த டப்பாக்களில் பல, மிகப் பழைய தரக் குறியீட்டோடு வருபவை. ஒரே விலைக்கு நல்ல மல்டிகிரேடு கிடைக்கும்போது அது எதற்கு?

சரி, கெட்டி ஆயில் விஷயத்துக்கு வருவோம். பீட்டிலின் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள் நின்றவாக்கில் இருக்கிறது. ஆயில் அதற்குள் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது, எஞ்சினின் அடியில் பெல்ட் புல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வால்வு. ஸ்பிரிங், அதன் மேல் ஒரு பிளஞ்சர் (ஏறி இறங்கும் சின்ன உலோக உருளை), கீழே அகலமான வெட்டு போட்ட ஒரு மூடி, அவ்வளவுதான். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் அதிகம், பிளஞ்சர் கீழே தள்ளப்படும். அப்போது ஆயில் கூலருக்குப் போகாமல் நேராகப் பேரிங்குக்குப் போகும், மிச்சம் சம்ப்புக்கே (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் இடம்) திரும்பும். ஆயில் சூடாகி இளகும்போது பிளஞ்சர் மேலே வரும், அப்போதுதான் முழு ஆயிலும் கூலர் வழியாகச் சுற்றும். 1970 மாடலில் இருந்து இந்த வால்வை இரண்டாக்கினார்கள். உங்கள் 67இல் ஒன்றுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றினால், சூடான பிறகும் அது கொஞ்ச நேரம் கூலரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும். கேஜில் பிரஷர் நன்றாகத் தெரியும், ஆயிலோ ஆறாது. போதாததற்கு, குளிர்ந்த கெட்டி ஆயிலை வைத்துக்கொண்டு காலையில் முறுக்கினால் கூலரின் ரப்பர் சீல் பிதுங்கி ஆயில் ஒழுகுவதும் உண்டு. ரேஸ் வண்டிக்கு ஊற்றும் 60 கிரேடை "மலைக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

உங்கள் விளக்கு மினுக்குவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவதும் இந்த வால்வைத்தான். பிளஞ்சர் அழுக்கில் மாட்டி கீழேயே நின்றுவிட்டால், சூடான, இளகிய ஆயில் பேரிங்குக்குப் போகாமல் சம்ப்புக்கு வழிந்துவிடும். ஓடும்போது தெரியாது. ஐடிலிங்கில் பம்பு மெதுவாகச் சுற்றும்போது விளக்கு மினுக்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே பொருந்துகிறது. ஆயில் மாற்றும் அன்றே அந்த மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். வெட்டை முழுதாக நிரப்பும் அகலமான ஸ்குரூ டிரைவர் வேண்டும், சின்னதை வைத்துத் திருகினால் வெட்டு சிதைந்துவிடும். ஸ்பிரிங் தானே கீழே வந்துவிடும். பிளஞ்சர் வராவிட்டால் 10 எம்எம் டாப்பை (இழை வெட்டும் கருவி) அதன் உள்ளே லேசாகத் திருகி இழுப்பார்கள். கீறல் இருந்தால் புதுசு போடுங்கள், அழுக்கு மட்டும் என்றால் துடைத்துப் போடலாம். விரலால் தள்ளினால் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும்.

அப்புறம் துத்தநாக விஷயம். பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பீட்டிலின் கேம்ஷாஃப்டில் (சிலிண்டர் வால்வுகளைத் திறக்கும் தண்டு) வெறும் நான்கு மேடுகள்தான். எட்டு வால்வையும் அந்த நான்குமே தூக்குகின்றன. எதிரெதிரே படுத்திருக்கும் சிலிண்டர்கள் ஆகையால் ஒவ்வொரு மேடும் இரண்டு டாப்பெட்டை (வால்வைத் தூக்க இடையில் நிற்கும் துண்டு) தள்ளுகிறது. டாப்பெட்டின் முகம் தட்டையானது, உருளை கிடையாது. இரும்பும் இரும்பும் அழுத்தித் தேயும் அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புதிய கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ 2004இல் கொண்டுவந்த எஸ்எம் தரத்தில் உச்சவரம்பு 0.08 சதவீதம், எஸ்என், எஸ்பி தரங்களிலும் அதேதான்.

இதைப் பிடித்துக்கொண்டு "புது ஆயில் எதுவுமே ஆகாது" என்று பயமுறுத்துபவர்கள் ஒரு சங்கதியை விட்டுவிடுகிறார்கள். அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் அது கட்டாயம் இல்லை. ஆக, ஒரு டப்பாவில் எஸ்என் என்று போட்டிருப்பதாலேயே அதை ஒதுக்க வேண்டாம். எரிபொருள் சிக்கனக் குறியீடான "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்ற வார்த்தைகள் இருந்தால் மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். ஒரிஜினல் வால்வு ஸ்பிரிங்கோடு ஓடும் வண்டிக்கு இந்தத் துத்தநாகப் பயம் கொஞ்சம் அதிகப்படிதான் என்பது என் எண்ணம். கேம் மாற்றி, இரட்டை ஸ்பிரிங் போட்டவர்கள் கவலைப்படட்டும்.

உங்கள் மெக்கானிக் சொன்ன புல்லட் ஆயில் இந்த இடத்தில்தான் நல்ல பெயர் வாங்குகிறது. பைக் ஆயிலில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும். ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்கான தரம் அது. பாஸ்பரஸ் 0.08இல் இருந்து 0.12 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் கேமுக்கு அது சாதகம். புல்லட்டும் காற்றால் ஆறும் எஞ்சின்தான், அதன் ஆயில் சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டது. ஒரே விஷயம், புல்லட்டுக்கு என்று விற்பது பெரும்பாலும் 15டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-50. அதே ஜாசோ எம்ஏ தரத்தில் 20டபிள்யூ-40 எந்த ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அது இல்லாவிட்டால் லாரி ஆயில். 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 என்று போட்ட டீசல் ஆயிலைப் பெட்ரோல் பங்கிலேயே வாங்கலாம். சூடான நிலையில் அதுவும் 40தான், தேய்மானத் தடுப்பும் தாராளமாக இருக்கும். டப்பாவில் சிஐ-4ஓடு பெட்ரோல் எஞ்சினுக்கான எஸ் குறியீடும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள், எஸ்எல் என்றிருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஒரு எச்சரிக்கை: டீசல் ஆயிலில் அழுக்கைக் கழுவும் மருந்து அதிகம். பல வருஷம் ஷெட்டில் நின்ற எஞ்சினில் அதை ஊற்றினால் உள்ளே படிந்த கசடு கிளம்பி வரும். முதல் தடவை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

சிந்தெடிக் கெட்டது இல்லை. ஆனால் பீட்டிலில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, சம்ப்பில் ஒரு கம்பிச் சல்லடை மட்டும்தான். அது சின்னத் தூளைப் பிடிக்காது, எல்லாம் ஆயிலிலேயே மிதக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 5000 கிலோமீட்டரில் கொட்டியாக வேண்டும். உங்களைப் போல எப்போதாவது ஓட்டுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அந்தக் காசுக்கு மினரல் ஆயிலை இரண்டு தடவை மாற்றலாமே.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. சல்லடை மூடியில் ஆறு சின்ன நட்டுகள். எஞ்சின் உடம்பு மக்னீசியம் கலந்த லேசான உலோகம். நட்டை விசையோடு முறுக்கினால் ஸ்டட் இழையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் செலவு வேறு கணக்கு. 7 நியூட்டன் மீட்டர்தான் அளவு, டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினால் போதும். சல்லடைக்கு மேலே ஒரு கேஸ்கெட், கீழே ஒரு கேஸ்கெட், நட்டுகளுக்குச் செம்பு வாஷர், எல்லாம் ஒவ்வொரு முறையும் புதுசு. ஒழுகுகிறது என்று பசை அப்பாதீர்கள், பிதுங்கும் பசை உள்ளே போய்ச் சல்லடையை அடைக்கும்.

ஊற்றும்போது இரண்டரை லிட்டரோடு நிறுத்துங்கள். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) இருக்கும் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. பெல்ட் புல்லி பக்கம் கிராங்குக்கு ஆயில் சீலே கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டிய சுருள் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. மட்டம் அதிகமானால் அது சமாளிக்காது, எஞ்சின் அறை முழுக்க ஆயில் தெறிக்கும். ஒரு லிட்டர் டப்பா மூன்று வாங்குங்கள், மிச்ச அரை லிட்டர் டாப்-அப்புக்கு ஆகும். காலி டப்பாக்களைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் குத்திக் கிழித்துவிடுங்கள். போலி ஆயில் அடைக்க அவைதான் முதலில் போகும்.

டிப்ஸ்டிக்கை எடுத்தால் மட்டத்தை மட்டும் பார்க்காமல் முகர்ந்தும் பாருங்கள். பீட்டிலின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பில் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் மட்டம் தானாக ஏறும், பெட்ரோல் வாடை அடிக்கும், 40 ஆயில் தண்ணீராக ஓடும். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்குவதில்லை, அதனால் இதை மாதாமாதம் செய்யுங்கள்.

மலையில் சூடு ஏறுவதற்கு ஆயில் அல்லாத காரணங்களும் உண்டு. எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகரங்கள், பின் கூட்டின் ரப்பர் பட்டை, பிளக் ஒயர் நுழையும் ஓட்டையை மூடும் ரப்பர் குமிழ், இவற்றில் ஏதாவது காணாமல் போயிருக்கும். நம் ஊரில் எஞ்சின் இறக்கி ஏற்றிய பீட்டிலில் இவை முழுதாக இருந்தால்தான் அதிசயம். ஓட்டை வழியாக ஃபேன் காற்று வெளியே போகும், கீழே இருக்கும் சூடான காற்று மேலே வந்து மறுபடி உள்ளே இழுபடும். கூலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் சிலிண்டர்தான் முதலில் அடிபடும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திணறவிடாமல் இரண்டாம் கியருக்கு மாற்றிவிடுங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் வேகமாகச் சுற்றும்.

இவ்வளவும் செய்து, 20டபிள்யூ-40 ஊற்றி, வால்வையும் துடைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். அந்த விளக்கின் ஸ்விட்ச் 2 முதல் 6 பிஎஸ்ஐக்குள் வேலை செய்வது, அதை வைத்து எஞ்சினின் நிலையை எடை போட முடியாது. எஸ்ஏஇ 30 ஆயில், 70 டிகிரி சூடு, 2500 ஆர்பிஎம், இந்த நிலையில் நல்ல எஞ்சின் 42 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், 28க்குக் கீழே போகக் கூடாது என்பது ஃபோக்ஸ்வாகன் கணக்கு. நீங்கள் ஊற்றியிருப்பது 40 என்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடவே காட்ட வேண்டும். 28க்கு மேல் நின்று, மலை ஏறிய பிறகு மட்டும் மினுக்கினால், லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்தால், 20டபிள்யூ-50க்குப் போகலாம், அப்போது உங்கள் மெக்கானிக்கின் புல்லட் ஆயிலே சரி. 28ஐத் தொடவே திணறினால் முதலில் ஆயில் பம்பின் மூடியைக் கழற்றித் தேய்மானம் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் மிச்சம் பேரிங்தான், எஞ்சினை இறக்க வேண்டியிருக்கும். அதுவரை கோத்தகிரியைத் தள்ளிப் போடுங்கள்.