பூட்டு உடையாமல் போகும் லாரிகள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் சரக்கு அனுப்புபவர்களுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் வேலை பார்க்கிறேன். லாரித் திருட்டு, கடைத் திருட்டு பற்றி நண்பர்கள் கேட்டவை இவை.

அண்ணா, லாரியோடு சரக்கு எப்படிக் காணாமல் போகும்? டிரைவரைக் கட்டிப்போட்டா?

அது பழைய பாணி. இப்போது குடோன்காரரே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றி அனுப்புகிறார். 2024 நவம்பரில் டெக்சாஸின் லாரெடோவிலிருந்து பென்சில்வேனியா போக வேண்டிய சான்டோ டெக்கீலா (ஒரு வகை மது), இரண்டு லாரி, சுமார் 24,000 பாட்டில் இப்படித்தான் போயிற்று. லோடை எடுத்த கம்பெனி வேறொருவருக்குக் கைமாற்ற, அங்கே திருடர்கள் புகுந்துவிட்டார்கள். வண்டி சரியான வழியில் போவதாக ஜிபிஎஸ் காட்டிக்கொண்டிருந்தது. 'வாட்டர் பம்ப் ரிப்பேர்' என்று சாக்கு வேறு! ஒரு பகுதி பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்தது.

லைசென்ஸைச் சரிபார்க்க மாட்டீர்களா?

பார்ப்போம். ஆனால் பார்ப்பது நம்பரைத்தான், ஆளை அல்ல. நல்ல பெயருள்ள சின்ன லாரி கம்பெனியின் நம்பரையே திருடர்கள் விலைக்கு வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் அவர்களின் மின்னஞ்சலைத் திருடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை, லாரி கிடைக்கவில்லை, வாடிக்கையாளர் கத்துகிறார். அப்போது வருகிற முதல் ஆளுக்கு லோடு போய்விடும். எனக்கு ஒருமுறை வந்த மின்னஞ்சல் முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஃபோன் செய்து பார்த்ததால் தப்பித்தேன்.

சார், கலிபோர்னியாவில் கடையில் 950 டாலருக்குள் திருடினால் விட்டுவிடுகிறார்களாமே?

விடுவதில்லை, சிறு குற்றமாகப் பதிவார்கள். டெக்சாஸில் அந்த வரம்பு 2,500 டாலர், அதை யாரும் பேசுவதில்லை. 2024 இல் கலிபோர்னியா மக்களே வாக்களித்து, திரும்பத் திரும்பத் திருடுபவர்களுக்குச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்.

கடைக்காரர்கள் சொல்லும் நஷ்டக் கணக்கை நம்பலாமா?

பாதி நம்புங்கள். 2021 இல் கடைகளின் கணக்கில் குறைந்த சரக்கு 94.5 பில்லியன் டாலர், அதில் ஏறக்குறையப் பாதி கும்பல் வேலை என்று தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு சொன்னது. 2023 டிசம்பரில் அந்தப் 'பாதி' கணக்கை வாபஸ் வாங்கியது. அந்த மொத்தத்தில் ஊழியர் எடுத்ததும் எண்ணிக்கைப் பிழையும் அடக்கம்.

திருட்டுச் சரக்கை யார்தான் வாங்குகிறார்கள்?

விலை குறைவு என்றால் நீங்களும் நானும்தான். டிவிக்கு சீரியல் நம்பர் உண்டு, எனர்ஜி டிரிங்குக்கு ஏது? குடித்துவிட்டால் சாட்சியும் போச்சு. ஆன்லைனில் அதிகம் விற்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூனில்தான் அமலுக்கு வந்தது.

போலீஸ் என்ன செய்கிறது?

ஏற்றியது டெக்சாஸ், மாயமானது கலிபோர்னியா, 'இன்னும் வரவில்லையே' என்று கேட்பவர் பென்சில்வேனியாவில். எந்த ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் பாட்டில்கள் கடைக்குப் போயிருக்கும்.