கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: மத்திய வங்கியே பொதுமக்களுக்கு டிஜிட்டல் ரிங்கிட் வெளியிட்டால், கட்டணமே இல்லாமல் ஒரு நொடியில் ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நொடி கிடக்கட்டும். 'கட்டணமே இல்லாமல்' என்றீர்களே, அதைப் பேசுவோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஓர் உணவகத் தொழிலாளி தம் ரசீதை என்னிடம் காட்டினார். சேவைக் கட்டணம் சுழியம். கீழே பொடி எழுத்தில் மாற்று விகிதம்: அன்றைய சந்தை விலையைவிட ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) நாற்பது பைசா குறைவு. ஆயிரம் வெள்ளி அனுப்பியவருக்கு 400 ரூபாய் நட்டம். அதற்குப் பெயர் கட்டணம் இல்லையாம்!

டிஜிட்டல் நாணயம் வந்தாலும் கட்டணம் ஒளியும் இந்த இடம் அப்படியே இருக்கும். 2022-23இல் இஸ்ரேல், நார்வே, சுவீடன் மத்திய வங்கிகள் டிஜிட்டல் நாணயத்தில் நாடு விட்டு நாடு பணம் அனுப்புவதை 'ஐஸ்பிரேக்கர்' என்ற பெயரில் சோதித்துப் பார்த்தன. அதில் எந்த நாட்டு நாணயமும் எல்லை தாண்டவில்லை. இரு நாட்டு நாணயமும் கையிருப்பில் உள்ள ஒருவர் இங்கே வாங்கிக்கொண்டு அங்கே கொடுக்கிறார். அவருக்கு இலாபம் வேண்டும். அது விகிதத்தில்தான் வரும். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். பலர் விலை சொல்ல, அனுப்புகிறவருக்கு மலிவானதை அமைப்பே தேர்ந்தெடுத்தது. நமக்கு வேண்டியது அந்தப் போட்டிதான். சந்தை விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வெள்ளிக் கணக்கில் ரசீதில் அச்சிட வேண்டும் என்று சட்டம் போட்டால் போதும். புதிய நாணயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க ஐ.நா. இலக்கு வைத்தது. உலகச் சராசரி இன்னும் 6 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது.

இன்னொன்று. ஊருக்குப் பணம் அனுப்பும் மின்பணப்பையைத் திறக்க அடையாள ஆவணம் வேண்டும். நம் தொழிலாளர் பலரின் கடப்பிதழ் முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். இதை எழுதும்போதெல்லாம், "பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம்" என்று சில முதலாளிகள் கோபத்தோடு கடிதம் போடுகிறார்கள். பாதுகாப்புதான் கவலை என்றால், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுங்கள் ஐயா. சாவி தொழிலாளியிடமே இருக்கட்டும்.