ஆங்கிலம் கேட்போம்: 'டவுட்' வேறு, 'சஸ்பெக்ட்' வேறு

கேள்வி: அலுவலகத்தில் பணம் காணாமல்போனது பற்றி எழுதிய கடிதத்தில் 'ஐ டவுட் ஹி டுக் த மணி' என்று குறிப்பிட்டேன். அவர்மேல் சந்தேகம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. படித்தவரோ நேர்மாறாக எடுத்துக்கொண்டார். பிழை எங்கே?

பதில்: படித்தவர் எடுத்துக்கொண்டதுதான் சரியான பொருள். தமிழில் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் போகும். 'அவர் வருவது சந்தேகம்தான்' என்றால் வரமாட்டார் என்று நினைக்கிறோம். 'அவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பார் என்று நினைக்கிறோம். முதல் வகைச் சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் 'டவுட்'. இரண்டாவது வகைக்கு 'சஸ்பெக்ட்'.

ஆக, 'ஐ டவுட்' என்று தொடங்கினால் அடுத்து வரும் செய்தியை நீங்கள் நம்பவில்லை. 'ஐ சஸ்பெக்ட்' என்று தொடங்கினால் நம்புகிறீர்கள், உறுதியான ஆதாரம்தான் கையில் இல்லை. உங்கள் வாக்கியம் 'அவர் பணத்தை எடுத்திருக்க மாட்டார்' என்று அவருக்காகப் பரிந்து பேசிவிட்டது. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம்: 'டவுட்' இருக்கும் இடத்தில் 'டோன்ட் திங்க்', 'சஸ்பெக்ட்' இருக்கும் இடத்தில் 'திங்க்' என்று மாற்றிப் படியுங்கள். நினைத்த பொருள் வராவிட்டால் சொல்லை மாற்றுங்கள்.

பின்னால் முழு வாக்கியம் வராமல் ஆள் மட்டும் வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஐ டவுட் ஹிம்' என்பது அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பது. 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' என்பது குற்றவாளி அவராக இருக்கலாம் என்பது. என்ன குற்றம் என்று சேர்க்க 'ஆஃப்' வேண்டும்: 'சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்'. இங்கே 'ஃபார்' போடக்கூடாது.

வகுப்பில் 'சார், ஐ ஹாவ் எ டவுட்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் பேசும்போது அது, நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை என்பதுபோல் அவர் காதில் விழக்கூடும். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று கேட்டுவிட்டால் எங்கும் சிக்கல் இல்லை.

கேள்வி: 'ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்ற வரியில் மேலாளர் 'அன்டில்' என்பதை அடித்து 'பை' என்று எழுதினார். இரண்டுமே வெள்ளிக்கிழமையைத்தானே காட்டுகின்றன?

பதில்: கெடு ஒன்றுதான், அதுவரை நடப்பது வேறு. 'அன்டில்' என்பது 'வரை'. வெள்ளிவரை இடைவிடாமல் தொடரும் செயலுக்கு அது பொருந்தும்: 'ஐ வில் ஒர்க் ஹியர் அன்டில் ஃப்ரைடே'. அறிக்கை தருவது ஒரே முறை நடந்து முடிவது. வெள்ளிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் முடிந்தால் போதும் என்பதற்கு 'பை' வேண்டும். தமிழில் நாம் 'வெள்ளிக்கிழமை வரை அறிக்கை தருவேன்' என்று சொல்லமாட்டோம், 'வெள்ளிக்கிழமைக்குள் தருவேன்' என்றுதான் சொல்வோம். அதே காதை ஆங்கிலத்திலும் பயன்படுத்துங்கள்.

எதிர்மறையில் 'அன்டில்' சரியாக அமரும்; ஆனால் பொருள் வேறாகிவிடும். 'ஐ வோன்ட் சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு பள்ளம் நம் '-க்குள்' உருபிலேயே இருக்கிறது. 'வெள்ளிக்குள்' என்றும் சொல்கிறோம், 'மூன்று நாளுக்குள்' என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் குறிப்பிட்ட நாளோ மணியோ வந்தால் 'பை'. கால அளவு வந்தால் 'விதின்'. 'பை ஃப்ரைடே', 'விதின் த்ரீ டேஸ்'. 'விதின்' என்பதற்குப் பதில் 'இன் த்ரீ டேஸ்' என்று எழுதினால், பெரும்பாலும் மூன்று நாள் கழித்து என்றே எடுத்துக்கொள்வார்கள். அவசர வேலையில் இந்த ஒரு சொல் இரண்டு நாளைத் தின்றுவிடும். கெடு முக்கியம் என்றால் மணியையும் சேர்த்து எழுதுங்கள்: 'பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே'. வெறும் 'பை ஃப்ரைடே' என்றால் காலையா, அலுவலகம் முடியும் நேரமா, நள்ளிரவா என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

கேள்வி: 'ஹியர்', 'லிஸன்' இரண்டுமே கேட்பதுதானே?

பதில்: காதில் விழுவது 'ஹியர்', காது கொடுத்துக் கேட்பது 'லிஸன்'. இணையவழிக் கூட்டத்தில் ஒலி வருகிறதா என்று அறிய 'கேன் யூ ஹியர் மீ?' என்று கேட்க வேண்டும். அங்கே 'ஆர் யூ லிஸனிங் டு மீ?' என்றால் கவனிக்கிறீர்களா என்று அதட்டுவதுபோல் ஆகிவிடும். 'லிஸன்' பின்னால் யாரை, எதை என்று வந்தால் 'டு' கட்டாயம். 'ஐ ஆம் ஹியரிங் யூ' என்று சொல்வதைத் தவிருங்கள்; 'ஐ கேன் ஹியர் யூ' என்பதே இயல்பு.

கேள்வி: 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' எப்போதும் குழப்புகின்றன.

பதில்: முதலாவது பெரும்பாலும் வினை, இரண்டாவது பெரும்பாலும் பெயர். பாதிப்பது 'அஃபெக்ட்', அதனால் வரும் விளைவு 'எஃபெக்ட்'. பின்னால் 'ஆன்' இருக்கிறதா என்று பார்த்தால் எளிதில் பிடிபடும்: 'நாய்ஸ் அஃபெக்ட்ஸ் ஸ்லீப்', 'நாய்ஸ் ஹாஸ் அன் எஃபெக்ட் ஆன் ஸ்லீப்'. 'அஃபெக்ட்ஸ் ஆன் ஸ்லீப்' என்பது பிழை. விதிவிலக்கு ஒன்று உண்டு: 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. அங்கே 'எஃபெக்ட்'டே வினை.

கேள்வி: கலனில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. 'இன்' வந்தால் எதிர்ப்பொருள்தானே, அப்படியானால் தீப்பிடிக்காதா?

பதில்: தீப்பிடிக்கும், எளிதில் பிடிக்கும். அந்தக் கலனை நெருப்புக்கு அருகே வைக்காதீர்கள். 'இன்கரெக்ட்' போன்ற சொற்களில் வரும் மறுப்பு 'இன்' இதில் இல்லை. தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. அதன் 'இன்' உள்ளே, மேலே என்ற பொருளுடையது. 'ஃப்ளேமபிள்' என்றாலும் இதே பொருள்தான். உங்களைப் போலவே பலரும் தவறாகப் படித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் இப்போது 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுகிறார்கள். நீங்களும் அதையே எழுதுங்கள். தீப்பிடிக்காதது 'நான்ஃப்ளேமபிள்'.

கேள்வி: எங்கள் சங்கக் கூட்டம் ஆண்டுக்கு இருமுறை. 'பையெனியல்' என்று அச்சடிக்கலாமா?

பதில்: வேண்டாம், அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு இருமுறை என்பது 'பையேனுவல்'. ஆனால் இதையும் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். 'பைவீக்லி' இன்னும் மோசம்: வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு பொருளையும் அகராதிகளே தருகின்றன. அறிவிப்பில் 'ட்வைஸ் எ இயர்' என்று அடித்து, கூட்டம் நடக்கும் இரு மாதங்களின் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.