துள்ளாத மான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய சினிமாக் கட்டுரையில், திரையில் படம் அசையத் தொடங்கியதே 1895 டிசம்பர் 28ஆம் திகதி லூமியர் சகோதரர்கள் பாரிஸில் காட்டியபோதுதான் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முன்பே ஒருவர் கையால் வரைந்த படங்களைத் திரையில் ஓடவிட்டதாக வாசித்திருக்கிறேன். எது சரி?

இன்னொன்று. உயர்தரத்தில் சித்திரமும் ஒரு பாடமாக எடுத்தேன். இப்போது அனிமேஷன் படிக்க ஆசை. எனக்குச் சித்திரம் படிப்பித்தவரிடம் சொன்னேன். “அது பொத்தான் அமத்துற வேலை. படத்தைக் கொம்பியூட்டரே கீறும். பிறகு உனக்கு ஏன் பென்சில்?” என்றார். நான் மதிக்கிற மனிதர். அதனால்தான் மனம் குழம்புகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., மூதூர்

அன்புள்ள தம்பி,

முதலில் பிழை. அது என்னுடையதுதான். நீங்கள் வாசித்தது எமில் ரேனோவைப் பற்றியாக இருக்கும். 1892 ஒக்டோபர் 28ஆம் திகதி, லூமியர்களுக்கு மூன்று வருடம் முந்தி, அதே பாரிஸில் கிரேவன் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் அவர் படம் காட்டினார். கமராவே இல்லை. ஜெலட்டின் துண்டுகளில் ஒவ்வொன்றாகத் தீட்டி, நாடாவாகக் கோத்து, கையால் சுழற்றித் திரையில் விழுத்தினார். ‘பாவம் பியரோ’ என்ற படத்துக்கு மட்டும் 500 ஓவியங்கள். நாடாவின் நீளம் 36 மீற்றர். முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி அதையே பத்து நிமிடத்துக்கு மேல் இழுப்பாராம். சினிமா வந்ததும் அவருடைய கூட்டம் கலைந்தது. கடைசியில் பெரும்பாலான நாடாக்களைத் தானே கொண்டுபோய் செய்ன் ஆற்றில் எறிந்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதரை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். கட்டுரையில் திருத்திவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு மானிலிருந்து தொடங்குகிறேன்.

கறண்ட் வருவதும் போவதுமாக இருந்த என் பள்ளிக்கூட நாள்களில், குப்பி விளக்கடியில் இருந்து 80 பக்கக் கொப்பியொன்றின் கீழ் ஓரத்தில் ஒரு மானைக் கீறினேன். அடுத்த தாளில் ஒரு நெல்மணி அகலம் தள்ளி இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொரு நெல்மணி. 40 தாளும் கீறி முடிக்க நாலு இரவு ஆனது. பெருவிரலால் விசுக்கிப் பார்த்தால் மான் துள்ளவில்லை, சறுக்கியது. கயிறு கட்டி இழுத்த மாதிரி. அண்ணன் பார்த்துவிட்டு, “என்னடா, மானுக்குச் சில்லுப் பூட்டியிருக்கிறாய்?” என்றான்.

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது சாமியைவிட அவற்றைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். துள்ளுவதற்கு முன் மான் ஒரு கணம் பின்னங்காலில் பதுங்குகிறது. ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. பிறகுதான் பாய்ச்சல். வீட்டுக்கு வந்து, ஐந்து தாள்களில் பதுங்கலை மயிரிழை வித்தியாசத்தில் நெருக்கிக் கீறினேன். பாய்ச்சலுக்கு மூன்றே தாள், நன்றாக எட்ட எட்ட. அன்றுதான் அது மானாக இருந்தது.

எங்கே நெருக்குவது, எங்கே விரிப்பது. அசைவூட்டக்காரரின் தொழில் இதுதான் என்று நினைக்கிறேன். (அனிமேஷனுக்கு ‘அசைவூட்டம்’ என்ற சொல்லை எனக்குப் பிடிக்கும். சோறூட்டுகிறவருக்குப் பிள்ளையின் வாய் அளவு தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?) மற்றச் சுமையை எல்லாம் இறக்கிவைக்கத்தான் ஒவ்வொரு தலைமுறையும் வழி தேடியிருக்கிறது. வின்சர் மெக்கே என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1914இல் திரையில் ஒரு டைனோசரை நடக்கவிட்டபோது, விலங்கு அசைகிற ஒவ்வொரு தாளிலும் பின்னாலுள்ள பாறையையும் ஏரியையும் திரும்பக் கீறவேண்டியிருந்தது. அதை அச்சொட்டாகப் பிரதிபண்ணவே ஓர் இளைஞரை வைத்திருந்தார். அதே வருடம் ஏர்ல் ஹர்ட் என்பவர், பின்னணியை ஒருமுறை கீறிவிட்டு, அசைவதை மட்டும் கண்ணாடிபோன்ற செலுலாயிட் தாளில் வரைந்து மேலே வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். பாறையைக் கீறாதவனுக்கு ஏன் பென்சில் என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

பிறகு வந்த பெரிய நிறுவனங்களில், மூத்தவர் முக்கிய நிலைகளைக் கீறுவார்; இடைப்பட்டவற்றை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அதைச் செலுலாயிட்டில் பிரதியெடுத்து வர்ணம் பூசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1937இல் வெளியான டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ பெயர்ப்பட்டியலில் அந்தப் பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கலை, கைவேலை என்று உருகுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

கணினி எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இடை நிரப்பலையும் வர்ணப் பூச்சையும்தான். இரண்டு நிலைகளைக் கொடுத்தால் நடுவில் உள்ளதை அது கணக்குப் போட்டு நிரப்பும். சமமாகப் பங்கிடச் சொன்னால் என் கொப்பி மான் மாதிரியே சறுக்கும். இங்கே ஆறப்போடு, இங்கே விடு என்று திருத்த ஆள் வேண்டும். 1986இல் பிக்ஸார் என்ற அமெரிக்கக் கணினி அனிமேஷன் நிறுவனம் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ இரண்டு நிமிடம்கூட வராது. இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. முகம், கண், வாய் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எது தாய்தகப்பன், எது குழப்படிக்காரப் பிள்ளை என்று பார்த்த உடனே தெரிகிறது. எடுத்த ஜோன் லசெட்டர் பென்சிலால் கீறிப் பழகி வந்தவர். 1995இல் அவர் இயக்கிய ‘டோய் ஸ்டோரி’தான் முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். அதன் 114,000 சொச்சம் சட்டகங்களை, அதாவது தனித்தனிப் படங்களை, தீட்டி எடுக்க 117 கணினிகள் ஓடின. ஓடட்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1972இல் நடந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட் கட்முல் கணினியில் ஓர் உருவத்தை அசைக்க விரும்பினார். தன் இடது கையைச் சாந்தில் வார்ப்பெடுத்து, அதன்மேல் மையால் சிறுசிறு முக்கோணங்களும் பலகோணங்களுமாக ஏறக்குறைய 350 கீறி, ஒவ்வொன்றின் புள்ளிகளையும் அளந்து கணினிக்குள் ஏற்றினார். திரையில் விரல்கள் மடங்கி விரிந்தன. உங்கள் ஆசிரியருக்கு அந்தச் சிறு படத்தைக் காட்டுங்கள். வாதாடவேண்டாம். நீங்கள் பென்சிலைக் கைவிட்டுவிடுவீர்களோ என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் ஞாயம் இருக்கிறது.

படிக்கப் போகமுன் ஒரு வேலை செய்யுங்கள். 1832இல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாத்தோ செய்த விளையாட்டுத்தான். வட்டமாக ஒரு மட்டை. ஓரத்தில் சம இடைவெளியில் 12 ஒடுங்கிய பிளவு. பிளவுக்கொன்றாக 12 படம். நடுவில் ஆணி குத்தி, படமுள்ள பக்கம் கண்ணாடியைப் பார்க்கப் பிடித்துச் சுற்றுங்கள். மட்டைக்கு மேலால் பார்த்தால் எல்லாம் கலங்கிய வளையம். பின்பக்கம் நின்று பிளவுகளுக்கு ஊடாகக் கண்ணாடியைப் பார்த்தால் படம் அசையும். 12இல் எத்தனையைப் பதுங்கலுக்குக் கொடுக்கிறீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. கிண்ணியாப் பாலத்தால் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். கண்ணாடியும் சேர்த்துத்தான், என்னிடம் இருப்பது சவரக் கண்ணாடி.